குழந்தையின் வாய்மொழியும் மேல்நீதிமன்றமும்

விசாரணை நீதிமன்றத்தில் நின்று பேசிய குழந்தையை, மேல்முறையீட்டைக் கேட்கும் நீதிபதிகள் பார்ப்பதில்லை. அவர்கள் முன் வருவன, அக்குழந்தை சொன்னதாகக் கீழ்நீதிமன்றம் எழுதிவைத்த சில தாள்களும், மருத்துவச் சான்றும், இரு தரப்பு வழக்கறிஞர்களின் வாதங்களுமே. பாலியல் கொடுமை பெரும்பாலும் பிறர் கண்ணில் படாத இடத்தில் நிகழ்வதாலும், அதைச் செய்தவர் பல சமயம் குழந்தைக்குப் பழகியவராகவே இருப்பதாலும், அந்தத் தாள்களில் உள்ள ஒரே வாய்மொழியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இத்தகைய மேல்முறையீடுகளில் பிரதானமான பிரச்னையாகிவிடுகிறது.

நம் சட்டம் சாட்சிக்கு வயது வரம்பு வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்கு இசைந்த விடை தரக்கூடிய எவரும் சாட்சி சொல்லலாம் என்பது, 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் மாறாத விதி. ஆகையால்தான் நீதிபதி முதலில், பெயர் என்ன, எந்த வகுப்பு, பொய் சொல்வது சரியா என்றெல்லாம் குழந்தையிடம் கேட்டு, அதன் விவேகத்தைப் பற்றித் தம் அபிப்பிராயத்தைக் குறித்துக்கொள்கிறார். சாட்சிகள் இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கும் சட்டத்தில் கிடையாது. 1957-இல் சென்னை ராஜ்யத்திலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சிகளை முற்றிலும் நம்பத்தக்கோர், சற்றும் நம்பத்தகாதோர், இரண்டுக்கும் இடைப்பட்டோர் என மூவகையாகப் பிரித்து, இடைப்பட்டவர் விஷயத்திலேயே வேறு ஆதாரம் தேட வேண்டுமென்று நிர்ணயித்தது.

குழந்தையின் பேச்சுக்குத் துணைச் சான்று அவசியமா என்ற வினா அதற்கும் முன்பே, 1951-இன் இறுதியில், ராஜஸ்தானத்தைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமியின் வழக்கில் எழுந்தது. முதலில் விதிக்கப்பட்ட தண்டனையை மேல்முறையீட்டில் ரத்துசெய்த செஷன்ஸ் நீதிபதி, சிறுமியின் சொல் தம் மனத்துக்குத் திருப்தியளித்தாலும் துணைச் சான்றின்றிச் சட்டத்துக்குப் போதாது என்று கருதினார். உயர் நீதிமன்றம் அதை மாற்ற, வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது நீதிபதி விவியன் போஸ், துணைச் சான்று என்பது விவேகத்தின் பாற்பட்ட எச்சரிக்கையேயன்றிச் சட்டத்தின் கட்டளை அன்று என்றும், சம்பவம் நடந்த சில மணி நேரத்துக்குள் சிறுமி தாயிடம் சொன்னதே துணைச் சான்றாக நிற்கும் என்றும் விளக்கித் தண்டனையை உறுதிசெய்தார்.

எனினும் எந்த முரண்பாட்டைப் பெரிதாகக் கொள்வது என்பதில் நீதிமன்றங்கள் வழுவியதுண்டு. பஞ்சாபில் பதினாறு வயது நிரம்பாத பெண்ணொருத்தியைக் காரில் கடத்திச் சென்ற வழக்கில், பியட்டுக்கும் அம்பாசடருக்கும் வித்தியாசம் தெரியாதவள், வழியில் கூச்சலிடாதவள் என்று காரணம் காட்டி விசாரணை நீதிமன்றம் எதிரிகளை விடுவித்தது. 1996-இல் அத்தீர்ப்பை மாற்றிய உச்ச நீதிமன்றம், அச்சத்தில் இருந்த பெண்ணிடம் காரின் பெயரை எதிர்பார்ப்பதும், குடும்பம் மானத்துக்கு அஞ்சித் தயங்கிய காலதாமதத்தைப் பொய்யின் அடையாளமாகக் கொள்வதும் தவறெனக் கூறியது. சம்பவத்தின் சாரம் உறுதியாக நிற்கையில், தேதியிலும் நேரத்திலும் சில்லறை விவரங்களிலும் நேரும் பிசகு சாட்சியத்தைச் சாய்த்துவிடாது என்பதே இதன் தாத்பரியம்.

இதனால் குழந்தை சொல்வதெல்லாம் ஆராயாமல் ஏற்கப்படும் என்று எண்ணலாகாது. பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததைக் குழந்தை ஒப்பிக்கக்கூடும். குடும்பப் பகை அதன் வாயிலாகப் பேசவும் கூடும். ஆகவே பேச்சு அந்த வயதின் பேச்சாக இருக்கிறதா, காவலரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் நீதிமன்றத்திலும் சொன்னவற்றின் மையம் ஒன்றுதானா, குறுக்கு விசாரணையில் அது நிலைத்ததா என்று மேல்நீதிமன்றம் வரி வரியாகப் பார்க்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க இயற்றப்பட்ட 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குற்றம் நடந்ததாக அனுமானிக்க இடமளித்தாலும், அடிப்படைச் சங்கதிகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் பல கூறியுள்ளன. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டிலோ, சாட்சியத்துக்கு நியாயமான இரு முடிவுகள் சாத்தியமாயின், எதிரிக்குச் சாதகமானதைக் கலைக்கலாகாது என்ற நியதியும் உண்டு.

போக்சோ சட்டப்படி வழக்கறிஞர்களின் கேள்விகளை நீதிபதியே குழந்தையிடம் கேட்கிறார். எதிரி குழந்தையின் பார்வையில் படாதவாறு ஏற்பாடு செய்யப்படுகிறது. சாட்சியின் முகபாவமும் நடத்தையும் குறித்து எழுதத்தக்கவை இருப்பின் நீதிபதி அவற்றைக் குறிக்க வேண்டுமென்பது குற்றவியல் நடைமுறையின் பொது விதி. அத்தகைய குறிப்பின் மதிப்பை உணர்த்துவது, ராஜஸ்தானத்தில் 1986-இல் நேர்ந்த ஒரு கொடுமை. சம்பவத்தைப் பற்றிக் கேட்டபோது சிறுமி வாய் திறவாமல் கண்ணீர் மட்டும் சிந்தினாள் என்று விசாரணை நீதிபதி எழுதிவைத்தார். 1987-இல் அவர் விதித்த தண்டனையை, சிறுமி எதிரிக்கு விரோதமாக ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 2013-இல் உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அதிர்ச்சியுற்ற குழந்தையின் மௌனத்தை வயது வந்தவரின் மௌனத்தோடு சமமாக எண்ணலாகாது, அந்தக் கண்ணீர் எதிரிக்குச் சாதகமாகிவிடாது என்று சொல்லி, மருத்துவச் சான்றையும் சந்தர்ப்பச் சான்றுகளையும் கொண்டு தண்டனையை மீட்டது.

தீர்ப்பு நியாயமானதே, ஆனால் அது வந்து சேர்ந்தபோது அச்சிறுமி நடுவயதை எட்டியிருப்பாள். போக்சோ விசாரணை இயன்றவரை ஓராண்டில் முடிய வேண்டுமென்றும், பாலியல் வல்லுறவுத் தண்டனைகளின் மீதான மேல்முறையீடு ஆறு மாதங்களில் முடிய வேண்டுமென்றும் சட்டம் இப்போது விதிக்கிறது. பின்னது 2018-இல் சேர்க்கப்பட்டது. குழந்தையின் சொல்லை எடைபோடும் நியதிகள் நம்மிடம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. அவற்றை உரிய காலத்தில் பிரயோகிக்கும் வழக்கமே இன்னும் கைகூட வேண்டியிருக்கிறது.