வங்காளத்து 'ஓ'வும் ஆங்கிலத்து 'ஈவன்'னும்

ஆங்கிலத்தின் 'ஈவன்' என்ற வினையடைக்கு என்ன பொருள் என்று வங்காளி மாணவர் கேட்டால், பெரும்பாலும் 'எமொன்கி' என்றுதான் விடை வரும். விடை தப்பில்லை, போதாது. அன்றாடப் பேச்சில் அந்தப் பொருளைச் சுமப்பது சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'ஓ' என்ற இடைச்சொல். 'ஆமி' என்றால் நான், 'ஆமிஓ' என்றால் நானும். தமிழருக்கு இது புதிதல்ல, நம் 'உம்' செய்யும் வேலைதான். 'அவனும் வந்தான்' என்பதில் மற்றவர்களோடு அவன் வந்தான் என்ற பொருளும் உண்டு, அவனே வந்துவிட்டான் பாருங்கள் என்ற வியப்பும் உண்டு. நம் இலக்கணம் முன்னதை எச்சவும்மை என்றும் பின்னதைச் சிறப்பும்மை என்றும் பிரித்தே வைத்திருக்கிறது. வங்காளத்தின் 'ஓ'வுக்கும் இந்த இரண்டு முகங்கள் உண்டு. ஆங்கிலமோ முதல் வேலையை 'ஆல்ஸோ', 'டூ' ஆகியவற்றிடமும் இரண்டாவதை 'ஈவன்'னிடமும் கொடுத்துவிட்டது. இடறல் அங்கேதான்.

'ஆமிஓ ஜானி நா' என்பது 'எனக்கும் தெரியாது' என்ற எளிய வாக்கியம். இதை 'ஈவன் ஐ டோன்ட் நோ' என்று பெயர்த்தால், ஊருக்கே தெரியாவிட்டாலும் எனக்காவது தெரிந்திருக்க வேண்டும், எனக்கே தெரியவில்லை என்று ஆகிவிடும். அடக்கமாகப் பேச நினைத்தவர் பெருமை அடித்துக்கொண்டதாக ஆங்கிலேயர் காதில் விழும். அங்கே வேண்டியது 'ஐ டோன்ட் நோ ஈதர்'. இடமும் சிக்கல்தான். வங்காளத்தில் வியப்புக்குரிய சொல்லின் மேலேயே 'ஓ' உட்கார்ந்துகொள்ளும்: வீட்டை விற்றது வியப்பென்றால் வீட்டோடு, விற்றவர் வியப்பென்றால் விற்றவரோடு. 'ஹீ ஈவன் ஸோல்ட் த ஹவுஸ்' என்பதில் 'ஈவன்' வினைக்கு முன் நிற்கிறது, ஆனால் அது சுட்டுவது வீட்டையா விற்றதையா என்பது குரல் எங்கே அழுந்துகிறது என்பதைப் பொறுத்தது. எழுத்தில் குரல் ஏது?

இன்னும் சுவையானது நிபந்தனை வாக்கியம். 'பிருஷ்டி ஹோலேஓ ஜாபோ' என்றால் 'மழை பெய்தாலும் போவேன்'. 'ஆல்' உடன் 'உம்', 'லே' உடன் 'ஓ': அச்சில் வார்த்ததுபோல் ஒரே கட்டுமானம். இது 'ஈவன் இஃப்'. ஆனால் 'இஃப்' என்று பொருள்படும் 'ஜொதி' என்ற சொல்லோடு அதே 'ஓ' சேர்ந்து 'ஜொதிஓ' ஆனால், நடந்துவிட்ட ஒன்றைச் சொல்லும் 'ஆல்தோ', 'ஈவன் தோ' ஆகிறது. பகுதி பகுதியாகப் பெயர்ப்பவர் இங்கேயும் 'ஈவன் இஃப்' என்றே எழுதுவார். நேற்று கொட்டித் தீர்த்த மழை, இனிமேல் பெய்யக்கூடிய மழையாக மாறிவிடும்.

'எமொன்கி'தான் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். அந்தச் சொல்லும் பெரும்பாலும் 'எமொன்கி ஷேஓ' என்று 'ஓ'வைக் கூட்டிக்கொண்டே வருகிறது. பாரம் இன்னும் வாலில்தான். 'ஈவன் ஐ' என்று இந்தியர் பலரும் பேசுகிறார்களே, இது இந்திய ஆங்கிலத்தின் இயல்புதானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். இந்தியும் 'பீ' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேலையையும் முடித்துக்கொள்கிறது. அதே வேலையைச் செய்யும் சமஸ்கிருத 'அபி'யும் திராவிட 'உம்'மும் இப்படி ஒத்துப்போவதை, இந்தியா ஒரே மொழியியற் பரப்பு, அதாவது வெவ்வேறு குடும்பத்து மொழிகள் பண்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நிலப்பகுதி, என்பதற்கான சான்றுகளுள் ஒன்றாக மொழியியலாளர் எமனோ 1974இல் ஆராய்ந்தார். நமக்குள் பேசும்போது யாருக்கும் குழப்பமில்லை, அதைப் பிழை என்று அடிக்கவும் வேண்டாம். வெளியாருக்குக் கடிதம் எழுதும்போதோ தேர்வு எழுதும்போதோ மட்டும் பொருள் மாறிப்போகிறது.

ஆகவே வங்காளி மாணவருக்கு 'ஈவன்' சொல்லித்தரும் ஆசிரியர்கள் 'எமொன்கி'யில் தொடங்க வேண்டாம். 'ஓ' வரும் பத்து வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, எதில் கூட்டல், எதில் வியப்பு என்று மாணவரையே பிரிக்கச் சொல்லுங்கள்.