விண்டோஸ் எக்ஸ்பியில் வரையறுக்கப்பட்ட பயனர் கணக்கு

வரையறுக்கப்பட்ட பயனர் கணக்கு என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில் நிர்வாகி அல்லாத பயனர்களுக்கென அமைந்த கணக்கு வகையாகும். இக்கணக்கில் நுழைந்தவர் தமது கோப்புக்களைக் கையாளலாம். நிறுவப்பட்ட மென்பொருட்களை இயக்கலாம். இயங்குதளத்தின் கோப்புக்களையோ பிற பயனர்களின் கோப்புக்களையோ மாற்ற இயலாது. ஆகவே இக்கணக்கினுள் புகும் நச்சுநிரலும் பொதுவாக அவ்வெல்லையைத் தாண்டுவது கடினம். எனினும் நிர்வாகி கணக்கில் ஒழுங்காக இயங்கிய மென்பொருட்கள் பல இதில் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று நின்றுபோனமையால், பலர் இக்கணக்கைக் கைவிட்டனர்.

பின்னணி

விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் கோப்புக்களுக்கு அனுமதி என்ற ஒன்றே இருக்கவில்லை. அவை பயன்படுத்திய ஃபாட் கோப்பு முறைமையில், ஒரு கோப்பின் உரிமையாளர் யார் என்று குறித்துவைக்க இடமில்லை. 2001 அக்டோபர் 25 இல் வெளியான எக்ஸ்பி, என்டி கருவை வீட்டுக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. அதன் என்டிஎஃப்எஸ் முறைமையில் ஒவ்வொரு கோப்பும் கோப்புறையும் ஓர் அனுமதிப் பட்டியலைக் கொண்டிருக்கும். எவர் வாசிக்கலாம், எவர் எழுதலாம், எவர் அழிக்கலாம் என்பன அதில் பதிவாகும்.

ஆனால் எக்ஸ்பியை நிறுவும்போது உருவாக்கப்பட்ட கணக்குகள் யாவும் இயல்பாக நிர்வாகி கணக்குகளாகவே அமைந்தன. மென்பொருள் எழுதியவர்களுள் பலரும் நிர்வாகியாகவே நுழைந்து தம் ஆக்கத்தைச் சோதித்தனர். குறை அவர்கள் கண்ணில் படவில்லை.

சிக்கல் எழும் விதம்

பழைய மென்பொருட்கள் தம் அமைப்புக்களைத் தாம் நிறுவப்பட்ட கோப்புறையிலேயே எழுதிவைக்கும் வழக்கமுடையவை. அக்கோப்புறை 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்பதனுள் இருக்கும். அங்கே வரையறுக்கப்பட்ட பயனருக்கு வாசிக்க மட்டுமே அனுமதி உண்டு. கணினி முழுமைக்கும் பொதுவான 'எச்கீ லோக்கல் மெஷின்' என்னும் பதிவகப் பகுதியில் எழுத முயலும் மென்பொருளுக்கும் இதே நிலைதான். வேறு சில, வாசிப்பதற்கு மட்டும் தேவையான கோப்பையும் எழுதும் உரிமையுடன் திறக்க முயன்று தோற்கும். பிழைச்செய்தி காட்டாமல், மாற்றிய அமைப்புக்களை ஒவ்வொரு முறையும் மறந்துவிடும் மென்பொருட்களும் உண்டு. காரணத்தைக் கண்டறிய இவையே மிகக் கடினமானவை.

இயங்குதளமும் இக்குறைக்கு விலக்கன்று. நாட்காட்டியைப் பார்க்க விரும்பிப் பணிப்பட்டையின் கடிகாரத்தை இருமுறை சொடுக்கிய பயனரிடம், நேரத்தை மாற்ற உரிமையில்லை என்று எக்ஸ்பி கூறியது.

தீர்வுகள்

பயனரை நிர்வாகியாக்கிவிடுவது எளிது. ஆனால் அது பூட்டு இறுகுகிறதென்று கதவையே கழற்றுவதற்கு ஒப்பாகும். 'பவர் யூசர்ஸ்' குழுவில் சேர்ப்பதும் பெரிதும் வேறன்று. அக்குழுவினர் இயங்குதளக் கோப்புக்கள் சிலவற்றை மாற்ற முடிந்தமையால், தம்மைத் தாமே நிர்வாகியாக்கிக்கொள்ளவும் வழியிருந்தது.

சரியான முறை, மறுக்கப்படுவது எது எனக் கண்டறிந்து அதற்கு மட்டும் அனுமதி வழங்குவதாகும். இதற்குச் சிசின்டர்னல்ஸ் குழுவினரின் ஃபைல்மான், ரெக்மான் ஆகிய கருவிகள் பயன்பட்டன. 2006 இல் இவ்விரண்டின் இடத்தையும் பிராசஸ் மானிட்டர் பிடித்தது. சிக்கலுள்ள மென்பொருளை இயக்கி, பதிவான வரிகளுள் அனுமதி மறுக்கப்பட்டவற்றைத் தேடினால் உரிய கோப்போ பதிவகச் சாவியோ தெரியவரும். பின்னர் நிர்வாகி அதன் அனுமதிப் பட்டியலில் 'யூசர்ஸ்' குழுவிற்கு மாற்றும் உரிமையைச் சேர்க்கலாம். பதிவகச் சாவிகளுக்கு ரெக்எடிட் கருவியிலேயே அனுமதிப் பட்டி உள்ளது.

கோப்புக்களுக்கு உரிய 'செக்யூரிட்டி' தத்தல், ஹோம் பதிப்பில் பாதுகாப்பு நிலையில் தொடங்கினால் மட்டுமே தோன்றியது. புரொஃபெஷனல் பதிப்பில், எளிய கோப்புப் பகிர்வு என்னும் தெரிவை நீக்கிய பின்னர் தோன்றியது. கட்டளை வரியில் சிஏசிஎல்எஸ் கட்டளையும் இதனைச் செய்யும். ஆனால் பட்டியலைத் திருத்துமாறு கூறும் 'இ' என்ற நிலைமாற்றியை விட்டுவிட்டால், பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதியது மட்டுமே எஞ்சும்.

மென்பொருளின் கோப்புறை முழுவதையும் திறந்துவிடுவது ஆபத்தானது. இயங்கும் கோப்பும் அதிலேயே இருப்பதால், வரையறுக்கப்பட்ட பயனரோ அவர் கணக்கில் புகுந்த தீநிரலோ அதனை நீக்கி வேறொன்றை வைக்கலாம். அடுத்து நிர்வாகி அம்மென்பொருளை இயக்கும்போது, மாற்றி வைக்கப்பட்டது நிர்வாகியின் உரிமையுடன் இயங்கும். ஆகவே அமைப்புக் கோப்பு ஒன்றுக்கு மட்டும் அனுமதி போதுமாயின் அதனோடு நிறுத்துவதே நலம்.

வேறொருவராக இயக்கும் 'ரன் ஆஸ்' வசதி, நிறுவல் போன்று எப்போதாவது செய்யும் பணிகளுக்கு ஏற்றது. நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஏற்றதன்று. அவ்வாறு இயக்கினால் அமைப்புக்கள் நிர்வாகியின் கணக்கிலேயே சேமிக்கப்படும்.

பிந்திய மாற்றங்கள்

2007 சனவரி 30 இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பயனர் கணக்குக் கட்டுப்பாட்டை அறிமுகப்படுத்தியது. பழைய 32 பிட் மென்பொருட்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் எழுத முயன்றால், அவ்வெழுத்தைப் பயனரின் சொந்தப் பகுதியிலுள்ள 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்னும் கோப்புறைக்கு அது திருப்பிவிட்டது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 உடன் முடிந்தபோதும், இம்முறை பின்வந்த பதிப்புக்களிலும் தொடர்ந்தது. இதனால் புதிய குழப்பம் ஒன்றும் தோன்றியது: 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையிலுள்ள அமைப்புக் கோப்பை நிர்வாகி திருத்தினாலும், பயனரின் பகுதியில் அதன் படி ஏற்கெனவே இருப்பின், மென்பொருள் அப்பழைய படியையே வாசிக்கும்.