தொழுநோயாளிக்கு லிவர் ஸ்கேன் எதற்கு?

‘‘ஐயா, சிறுநீர் ரத்தம் மாதிரி செவப்பா போகுது. மாத்திரை ஈரலைக் கெடுத்துடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதை நிறுத்திட்டு உங்க சூரணமே சாப்பிடறேன்!’’

தொழுநோய்க்கு மருந்து எடுத்து வந்த ஒரு நெசவாளர், கையில் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து இப்படிச் சொன்னார். ‘‘தினமுமா அப்படிப் போகுது?’’ என்று கேட்டேன். ‘‘இல்லீங்க, மாசத்துக்கு ஒருதரம் நர்ஸம்மா முன்னால முழுங்கற மாத்திரை போட்டா மட்டும்தான்.’’

எனக்கு நிம்மதியாயிற்று. அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். ஈரல் கெட்டதற்கு அது அடையாளமே அல்ல.

தொழுநோய் ஈரலைத் தொடுமா?

தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். அதனால் தோலையும் நரம்பையும் முதலில் தாக்குகிறது. கிருமிகள் மிகுந்த வகையில் ரத்தத்தின் வழியே கல்லீரல், மண்ணீரலுக்கும் போய்ச் சேரும். அங்கே நுண்ணிய முடிச்சுகள் உண்டாகலாம். பெரும்பாலும் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது.

சிகிச்சை மருந்துகளையும் கவனிக்க வேண்டும். டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகிய கூட்டு மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. 1995 முதல் இவை இலவசம். இவற்றில் முதல் இரண்டும் சிலருக்கு ஈரலில் அழற்சி உண்டாக்கலாம்.

ஸ்கேன் காட்டுவது என்ன?

அல்ட்ரா சவுண்ட் என்பது நம் காதுக்குக் கேட்காத ஒலி. அது உள்ளே போய் எதிரொலித்துத் திரும்புவதைக் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. வலி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. ஈரலின் அளவு, கொழுப்பு, கட்டி, பித்தக்குழாய் அடைப்பு, வயிற்றில் நீர் எல்லாம் தெரியும். போர்ட்டல் சிரை 13 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால், ஈரல் வழியே ரத்தம் போவதில் தடை இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகிப்பார்.

ஆனால் கிருமி தெரியாது. நுண்ணிய முடிச்சுகளும் பெரும்பாலும் தெரியாது. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரியாது. அதற்கு பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனைகள் வேண்டும். ஸ்கேன் நார்மல் என்றாலே ஈரல் நலம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதனால் எல்லா நோயாளிக்கும் ஸ்கேன் தேவையில்லை. மஞ்சள் காமாலை வந்தால், ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தால், குடிப்பழக்கம் இருந்தால் அவசியமாகிறது. காமாலை வந்தது கல் அடைப்பாலா, ஈரல் அழற்சியாலா என்று பிரித்துப் பார்க்க ஸ்கேன் பெரிதும் உதவும். 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறாக இருந்து போங்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், சரியாகத் தெரியாது.

இதை மட்டும் மறக்காதீர்கள்!

டாப்சோன் தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல், கண் மஞ்சளாதல் வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சாப் போச்சு’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்! வேறு பற்பம், செந்தூரம் சாப்பிட்டு வந்தால் அதையும் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெசவாளரின் ரிப்போர்ட்டில் இருந்தது ‘ஈரலில் லேசான கொழுப்பு’. அதற்குக் காரணம் தொழுநோய் அல்ல. ரத்தப் பரிசோதனையும் நார்மல். ‘‘சாராயத்தை விடுங்க, மாத்திரையை விடாதீங்க’’ என்று சொல்லி, அவருடைய ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினேன். 12 மாத மருந்தையும் முடித்தார். அன்று பாதியில் விட்டிருந்தால் நரம்பு செத்து, விரல்கள் மடங்கிப்போயிருக்கலாம். இன்றைக்கும் அந்த விரல்கள்தான் தறியில் நூல் கோக்கின்றன.