டிராக்டர் டிரெய்லருக்கு எல்.இ.டி. பின்விளக்கு



ஏரல், ஆத்தூர் பகுதிகளிலிருந்து வாழைத்தார், வெற்றிலைக் கட்டு, நெல் மூட்டை ஏற்றி, முக்காணி, பழையகாயல், முள்ளக்காடு வழியாக விடியுமுன் தூத்துக்குடிக்கு டிராக்டரில் செல்வோர் உங்களில் இருப்பீர்கள். அதே சாலையில் உப்பு லாரிகளும் விரைந்து வருகின்றன. முன்னே மெதுவாகச் செல்லும் டிரெய்லரை இருட்டில் அவற்றுக்கு அறிவிப்பது பின்விளக்கே.

பின்விளக்கின் சிவப்பு ஒளி 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி அத்தொலைவை ஏறக்குறைய 9 நொடியில் கடந்துவிடும்.

பல்பு ஏன் கெடுகிறது?

சாதாரண பல்பில் இழை சூடேறி ஒளி தருகிறது. டிரெய்லரின் குலுக்கலில் இழை அறுந்துவிடுகிறது. உப்பளக் காற்றில் உள்ள உப்பு ஈரத்தை இழுப்பதால் ஹோல்டர் பச்சை பூத்து அரித்துப்போகிறது.

எல்.இ.டி. விளக்கில் இழை இல்லை. சிவப்பு எல்.இ.டி.யை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். பிரேக்கை மிதித்ததும் பல்பு முழு ஒளி பெற ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி ஆகும். எல்.இ.டி. உடனே எரியும். அந்த இடைவெளியில் 60 கி.மீ. வேக லாரி 3 மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

பதிவு பெற்ற டிரெய்லரில் ஒப்புதல் பெற்ற விளக்குகளும் சிவப்புப் பிரதிபலிப்பான்களும் இருந்தே தீர வேண்டும். அவற்றைக் கழற்றக் கூடாது. இங்கே சொல்வது அவற்றுக்குத் துணை விளக்கு. பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

செய்முறை

இது 12 வோல்ட் டிராக்டருக்கு உரியது. 24 வோல்ட் லாரிக்குப் பொருந்தாது. ஒரு விளக்குக்கு 24 அதிக ஒளிச் சிவப்பு எல்.இ.டி.கள் (5 மி.மீ.), 330 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் 7, ‘1 என் 4007’ டையோடு 2 தேவை. 330 ஓம் ரெசிஸ்டரில் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு வளையங்கள் இருக்கும்.

1. நான்கு எல்.இ.டி.களையும் ஒரு ரெசிஸ்டரையும் வரிசையாக இணைத்து ஒரு சரம் ஆக்கவும். எல்.இ.டி.யின் நீண்ட கால் பாசிட்டிவ். இப்படி 6 சரங்கள் செய்யவும்.

2. ஆறு சரங்களின் பாசிட்டிவ் முனைகளை ஒன்றாகவும், நெகட்டிவ் முனைகளை ஒன்றாகவும் சேர்க்கவும்.

3. பிரேக் கம்பியை ஒரு டையோடு வழியாகப் பாசிட்டிவ் முனைக்குக் கொடுக்கவும்.

4. பின்விளக்குக் கம்பியை ஏழாவது ரெசிஸ்டர், இரண்டாவது டையோடு ஆகியவற்றின் வழியாக அதே முனைக்குக் கொடுக்கவும். டையோடின் கோடு போட்ட பக்கம் விளக்கை நோக்கி இருக்க வேண்டும். டையோடு இல்லாவிட்டால் பிரேக் மின்சாரம் திரும்பிப் பாய்ந்து மற்ற விளக்குகளையும் ஏற்றும்.

எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனையில் 14.4 வோல்ட் வரை இருக்கும். டையோடில் 0.7, நான்கு எல்.இ.டி.களில் ஏறக்குறைய 8 வோல்ட் போக, மீதி 5.7 வோல்ட். அதை 330 ஓமால் வகுத்தால் சரத்துக்கு 17 மில்லி ஆம்பியர் வரும். விளக்கு முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை வாட் செலவாகும். பிரேக் பல்புக்கோ 21 வாட். பின்விளக்காக எரியும்போது ஏழாவது ரெசிஸ்டர் ஒளியை மங்கலாக்கும். பிரேக் மிதித்ததும் ஒளி கூடுவது பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரியும்.

இணைப்பே உயிர்

நமது கடற்கரையில் எல்.இ.டி. கெடுவதற்கு முன் இணைப்பு கெடும். எனவே,

• கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிற்காமல், ஈயம் பற்றவைத்து மூடவும். இயன்றால் ஈயம் பூசிய செம்புக் கம்பி வாங்கவும்.

• டிரெய்லரின் இரும்புச் சட்டத்தை எர்த்தாக நம்ப வேண்டாம். துருவும் பெயிண்டும் மின்சாரத்தைத் தடுக்கும். விளக்கிலிருந்து பிளக் வரை தனி நெகட்டிவ் கம்பி இழுக்கவும்.

• காடி வாடை வீசும் சிலிக்கோன் பசை செம்பை அரிக்கும். அவ்வாடை இல்லாத நியூட்ரல் வகையைப் பயன்படுத்தவும்.

• பெட்டியின் அடியில் சிறு துளை விட்டால், உள்ளே சேரும் நீர் வடிந்துவிடும்.

• புதிய விளக்குக்குப் பிரியும் பாசிட்டிவ் கம்பிகள் இரண்டிலும் 2 ஆம்பியர் ஃப்யூஸ் போடவும்.

• பிளக் முனைகளில் வாசலின் தடவவும். பிரேக் மிதிக்காமலே பிரேக் ஒளி மங்கலாகத் தெரிந்தால், பிளக்கில் உப்பு ஈரம் கசிகிறது என்று கொள்ளலாம்.

சோதனை

மாதம் ஒருமுறையும், ஐப்பசி-கார்த்திகை மழைக்குப் பிறகும் சோதிக்கவும். ஒருவர் பிரேக் மிதிக்க, மற்றவர் 200 எட்டுத் தொலைவில் நின்று பார்க்கவும். பிரேக் விளக்கை நடுப்பகலிலும் பார்க்க வேண்டும். வெயிலில் தெரியாத பிரேக் விளக்கால் பயனில்லை. விளக்கு எரியும்போது அதன் நெகட்டிவ் முனைக்கும் பாட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைக்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ இணைப்பு அரித்திருக்கிறது.

சுமையை ஏற்றுமுன் சக்கரத்தைப் பார்ப்பது போல, புறப்படுமுன் பின்விளக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விளைச்சலோடு நீங்களும் பத்திரமாக வீடு திரும்ப அது துணை நிற்கும்.