காரைத் தாழ்த்தினால் சக்கரம் கோணும்!

காரின் உயரத்தைக் குறைத்து ஓட்டுவதில் இளைஞர்கள் பலருக்கு ஆசை. பார்வைக்கு அழகுதான். வளைவில் வண்டி சாய்வதும் குறையும். ஆனால், தினமும் ஓடும் கார் என்றால் கவனம் வேண்டும்.

2005-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஸ்விப்டை எடுத்துக்கொள்வோம். அதைத் தாழ்த்தினால் என்ன ஆகும்?

முன் சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கம் சாயும். இதற்குக் "கேம்பர்" என்று பெயர். சக்கரம் நேராகப் பார்க்காமல் சற்றுத் திரும்பியும் நிற்கும். இது "டோ".

சாய்வைவிடத் திருப்பம்தான் டயருக்குப் பெரிய எதிரி! டயர் நேராக உருளாது. தரையில் உரசிக்கொண்டே போகும். உள் ஓரம் தேயும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. மழை நாளில் பிரேக் போட்டால் வண்டி சறுக்கும். உள்ளே இருப்பது நம் குழந்தைகள் அல்லவா?

என்ன செய்யலாம்?

ஸ்பிரிங்கை வெட்டவே கூடாது. வெட்டிய ஸ்பிரிங் இடம்விட்டு நழுவலாம். அதற்கென்று செய்த ஸ்பிரிங்கையே போட வேண்டும். போட்ட உடனே "வீல் அலைன்மெண்ட்" பார்க்க வேண்டும். "டை ராடை"த் திருகினால் டோ சரியாகும். சில நூறு கிலோமீட்டர் ஓடி, ஸ்பிரிங் படிந்ததும் மீண்டும் பாருங்கள்.

இன்னொன்று. வண்டியை இஷ்டப்படி மாற்ற 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே, மெக்கானிக்கிடம் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்!