துடைப்பம் வாங்க எல்லை தாண்டியவர்கள்

ஸ்லோவேனியாவின் நோவா கோரிட்சா ரயில் நிலையத்துக்கு நான் போனது ரயில் பிடிக்க அல்ல. அதற்குள் இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தைப் பார்க்க. அந்த வட்டாரத்தை வகுந்து கிடந்த எல்லைக்கோட்டின் 1945 முதல் 2004 வரையிலான கதை அங்கே சொல்லப்படுகிறது. வாசலை விட்டு இறங்கினால் ஒரு சதுக்கம். அதன் மறுபாதி இத்தாலி.

அருகில் திராட்சை விளையும் குன்றுகள். ஸ்லோவேனியர்கள் ‘பெர்தா’ என்பதை இத்தாலியர்கள் ‘கொல்லியோ’ என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் குன்றுதான். இந்தப் பக்கம் ரெபுலா என்ற வெள்ளைத் திராட்சை, அந்தப் பக்கம் ரிபொல்லா. கொடி ஒன்றே.

பாரிஸ் சமாதான ஒப்பந்தப்படி 1947 செப்டம்பரில் அங்கே கோடு விழுந்தது. கோரிட்சியா நகரம் இத்தாலிக்குப் போனது. ரயில் நிலையமும் சுற்றியிருந்த பல கிராமங்களும், ஸ்லோவேனியா அன்று அங்கம் வகித்த யூகோஸ்லாவியாவுக்கு வந்தன. வீடு ஒரு நாட்டிலும் திராட்சைத் தோட்டம் இன்னொரு நாட்டிலுமாகப் பல குடும்பங்கள் தவித்தன. மீரென் கிராமத்தில் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே எல்லை போனது. நகரத்தை இழந்தவர்கள் 1948இல் புதிதாக ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். ‘நோவா’ என்றால் புதியது.

என்னை உலுக்கியது 1950 ஆகஸ்ட் 13 அன்று நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, யூகோஸ்லாவியப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் காவலர்களை மீறி எல்லையைத் தாண்டினார்கள். பிரிந்த சொந்தங்களைப் பார்த்தார்கள். தங்கள் ஊரில் கிடைக்காத சாமான்களை வாங்கினார்கள். திரும்பும்போது பலர் கையில் துடைப்பம். ‘துடைப்ப ஞாயிறு’ என்றே அந்த நாளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. வீடு பெருக்கும் துடைப்பத்துக்குக்கூட வழியில்லாத வாழ்க்கையை எந்த ஒப்பந்தத் தாளும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

1955இல் உடினே ஒப்பந்தம் வந்து, எல்லையோர மக்கள் அனுமதிச் சீட்டோடு போய்வர வழி பிறந்தது. காபி, ஜீன்ஸ் என்று ஒளித்துக் கொண்டுவந்ததும் நடந்தது. பிரிஸ்தாவா பகுதியின் பழைய சோதனைச் சாவடியில் அந்தக் கடத்தலுக்கென்றே தனிக் காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். மறைக்க நினைக்காமல் அதையும் வரலாறாக எடுத்துவைத்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

2004இல் சதுக்கத்தின் வேலி அகற்றப்பட்டது. 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையும் நின்றது. 2025இல் இரண்டு நகரங்களும் சேர்ந்தே ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரமாக விளங்கின.

இத்தாலிக்குப் போகிறவர்கள் வெனிஸோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து ரயிலில் கோரிட்சியா போய், ஊரைக் கடந்து, இந்த நிலையத்துக்குள் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எல்லை என்பது சாதாரண மனிதர்களை என்ன பாடுபடுத்தும் என்று அது உங்களுக்குப் புரியவைக்கும்.