களித்தட்டில் இருந்ததும் அரிசியில் கலப்பதும்

கனகதாசர் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ராமதான்ய சரித்ரெ’யில் நெல்லும் ராகியும் யார் பெரியவர் என்று சண்டை போடுகின்றன. ராமர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைக்கிறார். நெல் கெட்டுப்போகிறது, ராகி அப்படியே இருக்கிறது. கதையில் ஜெயித்த ஏழைத் தானியம், பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களின் தட்டில் பிற்பாடு தோற்றது.

கனகபுரா, மாகடி, கோலார், இந்தப் பக்கம் நம் ஓசூர் எல்லாமே வானம் பார்த்த செம்மண். ராகியைக் குழியில் கொட்டி மூடிவைத்தால் வருஷக்கணக்கில் பூச்சி அண்டாது. இரவில் முத்தே, அதாவது களி உருண்டை. அதை மெல்லாமல் விழுங்க வேண்டும், விழுங்குவதற்கு வழவழவென்று ஒரு சாறு வேண்டும். கீரைச் சாறு, கொள்ளுச் சாறு, மார்கழி வந்தால் அவரைக்கொட்டைச் சாறு. அரிசிச் சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும்தான்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச்சத்து சுமார் 364 மில்லிகிராம், இரும்பு 4.6. தீட்டிய பச்சரிசியில் சுண்ணாம்புச்சத்து எட்டைத் தொடவில்லை, இரும்பு 0.65. இதைப் படித்ததும் “அந்தக் காலத்து மனுஷங்க இரும்பா இருந்தாங்க” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோன்றும். பொறுங்கள். ராகியில் பைட்டேட்டும் டானினும் உண்டு. அவை இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. முளைகட்டினால் பைட்டேட் குறையும், ஆனால் களி மாவுக்கு யாரும் முளைகட்டுவதில்லை. வெறுங்காலோடு வயலுக்குப் போனவர்களின் குடலில் கொக்கிப்புழு வேறு இருந்தது. அந்தக் களித்தட்டு சொர்க்கமல்ல. ஆனாலும் தானியம், பருப்பு, கீரை மூன்றும் ஒரே தட்டில் தானாக வந்து சேர்ந்தன.

மண்டியா வி.சி. பண்ணையில் பயிர் விஞ்ஞானி லட்சுமணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து ‘இண்டாஃப்’ ரகங்களை உருவாக்கி விளைச்சலைப் பெருக்கினார். ‘ராகி லட்சுமணய்யா’ என்றே பெயர் நிலைத்தது. என்றாலும் வாய்க்கால் தண்ணீரும் ரேஷன் கடையும் அரிசியின் பக்கம் நின்றன. வெள்ளைச் சோறு அந்தஸ்தும் ஆயிற்று. 2013-இல் ‘அன்ன பாக்யா’ திட்டம் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி தந்தது. பசி அடங்கியது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரிசி வந்தபோது சாறு மெலிந்தது என்பதுதான் என் வருத்தம்.

இன்று ரத்தசோகைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 65.5 சதவீதம், பெண்களில் 47.8 சதவீதம். தீட்டி எடுத்ததைத் திரும்பப் போடும் வேலையை அரசு கையில் எடுத்தது. 2024-க்குள் எல்லா அரசுத் திட்டங்களிலும் செறிவூட்டிய அரிசி என்று 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, அச்சில் பிழிந்து அரிசி வடிவில் வெட்டி, நூறு மணிக்கு ஒன்றாகக் கலந்தார்கள். தண்ணீரில் மிதக்கிறதே, பிளாஸ்டிக் அரிசியோ என்று பல ஊர்களில் பெண்கள் அதை மட்டும் பொறுக்கி எறிந்தார்கள். விளக்காமல் கலந்தால் வேறென்ன நடக்கும்?

பெங்களூருப் பள்ளிப் பிள்ளைகள் இத்தகைய அரிசியை முன்பே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஆய்வில் ஒரு குழுவுக்கு ஏழு மாதம் மதிய உணவில் தினம் 20 மில்லிகிராம் இரும்பு தரப்பட்டது. இன்னொரு குழுவுக்குச் சாதாரண அரிசி. இரு குழுவுக்கும் புழு மருந்து கொடுத்தார்கள். இரண்டிலும் உடம்பின் இரும்பு இருப்பு கூடியது, செறிவூட்டிய அரிசி சாப்பிட்டவர்களுக்கு இன்னும் கூடுதலாக. இங்கே ஒரு கணக்குப் போடலாம். அரசு விதிப்படி ஒரு கிலோ அரிசியில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை. மாதம் ஐந்து கிலோ ரேஷன் என்றால் நாளுக்கு 170 கிராம்கூட வராது. அதில் கிடைப்பது ஐந்திலிருந்து ஏழு மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த அளவு எங்கே, இது எங்கே?

இன்னொரு பக்கம், எல்லோருக்கும் கட்டாயமாக இரும்பு கலப்பது தேவையா என்று கேட்பவர்களில் முக்கியமானவர் இதே பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் அனுரா குர்பத். மேலே சொன்ன கணக்கெடுப்பைப் போல விரல்நுனி ரத்தத்தில் பார்த்தால் சோகை கூடுதலாகத் தெரிகிறது, நரம்பில் எடுத்தால் குறைகிறது என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. நரம்பு ரத்தத்தை எடுத்த 2016-18 தேசிய ஆய்வில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதத்தினருக்கே சோகை இருந்தது. அதுவும் சின்ன எண்ணல்ல.

இதற்கிடையே ராகி திரும்பி வருகிறது, வேறு வாசல் வழியாக. பெங்களூரின் கோரமங்களாக் கடைகளில் அழகான பொட்டலத்தில், அரிசியைவிடக் கூடிய விலையில். 2024 பிப்ரவரி முதல் கர்நாடக அரசுப் பள்ளிகளில் சத்துகள் சேர்த்த ராகி மால்ட் சூடான பாலில். எலும்புக்கு அது நல்ல சேர்க்கை. ரத்தத்துக்கு அவ்வளவு உதவாது, பாலின் சுண்ணாம்புச்சத்து இரும்பு சேர்வதைக் கொஞ்சம் தடுக்கும். இரும்பு உள்ளே போக வேண்டுமானால் மதியச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ வேண்டும். கோலார் பக்கம் இரண்டுமே விளைகின்றன.